இறக்கிய பியட்டும் சாய்ந்த சக்கரமும்

வீல் அலைன்மென்ட் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் ஒரு பக்கம் தேய்கிறது என்று முகத்தையும் ஒரு பக்கமாகத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். கார் வைத்திருக்கிற உங்களுக்கு இந்த அவஸ்தை தெரியாமலா இருக்கும்? டில்லி ஜண்டேவாலானில், ஒரு சர்தார்ஜியின் கடையில், வருஷக்கணக்கில் அந்த முகங்களுக்கு எதிரே நின்றவன் நான். சர்க்கார் குமாஸ்தாவான அண்ணன், எனக்கும் ஒரு நாற்காலி பிடித்துத் தருகிறேன் என்றுதான் நாமக்கல்லிலிருந்து வரவழைத்தான். கிடைத்தது காருக்கு அடியில் ஒரு பள்ளம்.

சீதா ஹாத்

சேர்ந்த புதிது. ஒரு பஞ்சாபி வியாபாரி அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்தார். "காடி சீதே ஹாத் ஜாத்தி ஹை" என்றார். சீதா என்றால் நேர் என்று புத்தகத்தில் படித்து வைத்திருந்தேன். வண்டி நேராகத்தான் போகிறதாம், அப்புறம் எதற்கு இங்கே வந்தாராம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே, காற்றைப் பார்த்து, துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

டில்லியில் சீதா ஹாத் என்றால் வலது கை. வண்டி வலது பக்கம் இழுக்கிறது என்று அந்த மனுஷர் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் திரும்பி வந்தவர் சத்தம்கூடப் போடவில்லை. என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "மதராசி பாபு, உங்க ஊர்ல யாருக்கும் வலது கையே கிடையாதா?"

டயர் போனா போகட்டும்

ஏஷியாட் விளையாட்டுகள் முடிந்து, புது ஃப்ளைஓவர்கள் பளபளவென்று இருந்த சமயம். காலேஜ் பையன்களுக்குக் காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுகிற பைத்தியம் பிடித்தது. முன்னால் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுவார்கள். பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை உருவுவார்கள். வண்டி பம்மிக்கொண்டு நிற்கும், பார்க்க ஜோர்தான். ஆனால் முன்சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வுக்குத்தான் கேம்பர் என்று பேர். அது அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும்.

ஆர்.கே. புரத்திலிருந்து ரவி கொண்டுவந்த பியட் அப்படித்தான் இருந்தது. அவனுடைய அப்பா வைத்தியநாதன் சார் ஒரு மந்திரி அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஷில்லாங்குக்கு டெபுடேஷன் போயிருந்தார். அவர் அந்தப் பக்கம் ரயில் ஏறியதும் பிள்ளை இந்தப் பக்கம் ஸ்பிரிங்கை வெட்டிவிட்டான். தகடு தகடாக ஷிம் வைத்து எவ்வளவோ நிமிர்த்திப் பார்த்தேன். ஓரளவுக்கு மேல் சக்கரம் கேட்கவில்லை. "உள்பக்கம் தேயத்தான் செய்யும், தம்பி" என்றேன். டில்லியிலேயே பிறந்தவன், அவனுடைய தமிழும் அவன் காரைப் போல இந்திப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். "டயர் கிஸ்கே தேஞ்சு போனா போகட்டும் அண்ணா, காடி பாக்க எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்கோ."

அச்சா

ரவியின் அப்பா திரும்பி வந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமையே காரோடு எங்கள் கடையில் நின்றார். பின்சீட்டில் ரவியின் அம்மா, மாமி. கரோல்பாக்கில் இருக்கும் மாமியின் தங்கை வீட்டுக்குப் போகிற வழியாம். அந்தக் காருக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று சார் கடையில் இருந்த எல்லோருக்கும் சொன்னார். "கால வெட்டிப் போட்டுட்டான்ப்பா இந்தக் கட்டேல போறவன்" என்று காரைக் காட்டினார். பழைய உயரத்துக்கே வேண்டும், புது ஸ்பிரிங், புதுப் பட்டை, எல்லாம் போடு என்றார்.

வண்டியை அளக்க ஆட்களை இறக்க வேண்டும். மாமி கதவைத் திறந்து, சீட்டில் இருந்தபடியே திரும்பி, இரண்டு பாதத்தையும் தரையில் வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குள்ளமான உடம்பு. இடது கால் சிறு வயதிலேயே சூம்பிப் போனது. அளந்து முடித்ததும் அதே மாதிரி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். எல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது சக்கரத்தை.

"ஏம்ப்பா, நிமிர்த்தினா வண்டி உசந்துடுமோ?" என்று மாமி கேட்டார். வண்டி மேல் அவருக்கும் கவலை போலிருக்கிறது என்று நினைத்து, "கவலையே வேண்டாம் மாமி, புதுசா வந்தப்ப இருந்த உசரத்துக்கே கொண்டுவந்துடறோம்" என்று தெம்பாகச் சொன்னேன். டில்லிக்காரர்களின் அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு, அன்றைக்கு எனக்கு 'நல்லது' என்ற ஒன்றுதான் தெரிந்திருந்தது. மாமி சொன்னது: "அச்சா."

நூல் பிடிச்ச மாதிரி

அடுத்த வாரமே வேலையை முடித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு வேலை என் கையிலிருந்து அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. கேம்பர் கருவியின் ரசமட்டக் குமிழ் நடுவில் வந்து அப்படியே நின்றது. சர்தார்ஜி என் முதுகில் தட்டிய தட்டில் இருமல் வந்துவிட்டது.

வைத்தியநாதன் சார் ரிங் ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு டப்பா பர்ஃபியோடு திரும்பி வந்தார். என் வாயில் ஒரு துண்டைத் திணித்துவிட்டுச் சொன்னார்: "ஸ்டியரிங்க விட்டாலும் நேரா போறதுடா, நூல் பிடிச்ச மாதிரி."

ஜன்னலோரம்

சில மாசம் கழித்து அண்ணனின் சிநேகிதரைப் பார்க்க ஆர்.கே. புரம் போனவன், வைத்தியநாதன் சார் வீட்டையும் எட்டிப் பார்த்தேன். சார் டூரில் இருந்தார். வாசலில் பியட் நிமிர்ந்து நின்றது. மாமி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கார்ல கரோல்பாக் போய்ட்டு வரீங்களா மாமி?" என்று பேச்சுக்குக் கேட்டேன். போவதில்லை என்றார். கோபம் இல்லை, குறை சொல்லும் தொனிகூட இல்லை.

அந்த உயரத்துக்கு அவரால் ஏற முடியாது. முன்பெல்லாம் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கித்தான் உள்ளே வைப்பார்களாம். எதிர் குவார்ட்டர்ஸ் பால்கனியில் எல்லோரும் நின்று பார்ப்பார்களாம். அதனாலேயே எங்கும் போகமாட்டாராம். ரவி வண்டியை இறக்கிய பிறகுதான் ஞாயிறு தவறாமல் தங்கை வீட்டுக்குப் போய்த் தாயம் ஆடிவிட்டு வந்திருக்கிறார். அதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பாவும் பிள்ளையும் முறைத்துக்கொண்டிருக்கையில் பிள்ளை பக்கம் பேசியதாக ஆகிவிடுமே என்றார். தங்கையின் கணவர் ரிடையர் ஆகிறார், சீக்கிரமே மாம்பலத்தோடு போய்விடுவார்கள் என்றும் சொன்னார். ஜன்னல் வழியே காரைப் பார்த்தபடியே மாமி சொன்னார்: "கொஞ்ச நாள் நானே ஏறினேன், நானே எறங்கினேன், அது போறும்ப்பா."

மறுபடியும் ஒரு சுற்று

சர்தார்ஜியிடம் விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே, அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு என்றார். சார் டூரிலிருந்து வந்ததும் கடைக்கு வரவழைத்து, நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ" என்றார். அப்புறம் எழுந்து, "வெட்டுடா" என்றார். உள்பக்கம் தேயும் சார் என்றேன். தேயட்டும் என்றார். புது ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை என் கையாலேயே வெட்டி, பின்னால் ஒரு பட்டையையும் உருவினேன். சக்கரத்தை முடிந்தவரை நிமிர்த்தி, மிச்சச் சாய்வைச் சாய்வாகவே விட்டேன்.

வண்டியைக் கொடுக்க நானும் கூடப் போனேன். மாமி வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், காலை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார், கதவையும் தானே சாத்திக்கொண்டார். பால்கனியில் யாருக்கும் பார்க்க எதுவும் இல்லை. சார் முன்சீட்டில் சாவியைத் திருகிவிட்டு, மனைவி சொல்லட்டும் என்று காத்திருந்தார். கரோல்பாக் வீடு முந்தின வாரமே காலியாகிவிட்டது, தங்கை குடும்பம் மெட்ராஸ் ரயில் ஏறியாகிவிட்டது. மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிஜமாகவே தெரியாதவர் போலக் கேட்டார்: "ஏறிட்டேன், எங்க போறது?"

என் கையால் குறையே இல்லாமல் செய்து முடித்த ஒரே வேலை அந்த பியட்தான். செய்யாமல் விட்டிருக்க வேண்டிய ஒரே வேலையும் அதுதான் என்பதை எந்தக் குமிழும் எனக்குக் காட்டவில்லை.