தமிழ் போர்டு போட்ட பஸ்

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. பல்லி விழுந்தால் பயம், மண்டல அதிகாரி வந்தால் பயம், பிள்ளைகளை ஊர் தாண்டிக் கூட்டிப் போவதென்றால் இரண்டு நாள் முன்பே தூக்கம் போய்விடும். ஆந்திராவில், நகரிப் பக்கம், தறிக்காரர்கள் நிறைந்த ஓர் ஊரில் தமிழ் மீடியம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கே இந்த நடுக்கம் என்றால், நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எப்படித் தூங்குகிறார்களோ, தெரியவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வாசிப்பு என்றால் கூட்டு வாசிப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று எழுந்து ஒரு வரி சொல்லும், மற்றதெல்லாம் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டு அதையே கத்தும். கேட்க நன்றாக இருக்கும். தெருவில் போகிறவர்கள்கூட, பரவாயில்லையே, பிள்ளைகள் நன்றாகப் படிக்கின்றன என்பார்கள். அந்த வகுப்பில் எனக்குப் பிடித்த குரல் ஒரு பெண்ணுடையது. பவர்லூம் ஓட்டுகிறவரின் மகள். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் தொண்டை கணீரென்று இருக்கும்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த சமயம். கூட்டு வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. நான் அவள் பின்னால் போய் நின்றேன். மின்விசிறிக் காற்றில் அவள் புத்தகத்தில் ஒரு பக்கம் புரண்டது. அவள் கவனிக்கவில்லை. விரல் ஒரு யானைப் படத்தின் முதுகில் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. வாய் மட்டும் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவளைத் தனியாக உட்காரவைத்து, ஒரு வார்த்தையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். காதால் கேட்டு, மனசில் வாங்கி, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறாள். அது சாமானியமான கெட்டிக்காரத்தனமா? ஆனால் எழுத்து தெரியாது.

"நைனாகிட்ட சொல்லாத டீச்சர்," என்றாள். "படிப்பு வரலன்னா தறிக்கு நூல் தார் சுத்த உக்காத்தி வச்சிடுவாரு."

சொல்லவில்லை. தினமும் பிரேயர் மணிக்கு முன்னால் அவளை வரவழைத்தேன். எழுத்துகள் தனித்தனியாக வந்துவிட்டன. சேர்த்துச் சொல் என்றால்தான் வராது. மூன்றெழுத்துச் சொல்லைக் காட்டினால் மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, அப்புறம் என்ன என்பது மாதிரி என்னைப் பார்ப்பாள். எனக்குக் கோபம் வரும். அவள் போன பிறகு அழுகையும் வரும்.

இந்த நிலைமையில்தான் திருப்பதி ஜூவுக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தது. துணைக்குத் தெலுங்கு சார் வந்தார். போகும் முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் என் போன் நம்பரைப் பேனாவால் எழுதினேன். பிறகு, பயந்தவள் சொல்கிற புத்தியெல்லாம் சொன்னேன்.

"திருப்பதி பஸ் ஸ்டாண்டுல கூட்டம் ஜாஸ்தி. எவனாவது தப்பிப் போயிட்டா ஓடக் கூடாது. தமிழ்ல போர்டு எங்க இருக்குன்னு பாருங்க. தமிழ் எழுத்து இருந்தா அது நம்ம இடம். அங்கயே நில்லுங்க. நான் வந்து கூட்டிக்குவேன்."

பெரிய யோசனை என்று எனக்கு நினைப்பு. எங்கும் தெலுங்கு போர்டாக இருக்கிற ஊரில் தமிழ் போர்டு வைத்த பிளாட்பாரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம் அல்லவா?

ஜூவில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. புலி தூங்கியது, பிள்ளைகள் திட்டினார்கள். தயிர்சாதம் சாப்பிட்டார்கள், குழாயில் கை கழுவுகிறேன் பேர்வழி என்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பெண்பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். வெளியே வந்து தலைகளை எண்ணினேன். குறைந்தது. மறுபடி எண்ணினேன். அந்தக் கணீர்க் குரல்காரியைக் காணவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. கழிப்பறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகள், பைகள், சந்தனம் பூசிய குழந்தைகள். மைக்கில் யாரோ தெலுங்கில் பஸ் பெயர்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். தெலுங்கு சார் மற்ற பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, "மேடம், நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் போலீஸ் அவுட்போஸ்ட்ல சொல்லிட்டு வர்றேன்," என்று ஓடினார்.

என் நம்பர் அவள் கையில் இருக்கிறதே என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் கையை விரித்துப் பார்த்தேன். நீலமாக ஒரு கறை, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் எல்லார் கையிலும் நம்பரை அடித்துக்கொண்டு போயிருந்தது.

தமிழ்நாட்டு பஸ்கள் நிற்கிற பிளாட்பாரத்துக்கு ஓடினேன். போர்டுக்கு அடியில் அவள் இல்லை. அங்கே கொய்யாப்பழம் விற்கிற அம்மாவிடம் கேட்டேன். அவள் தமிழும் தெலுங்குமாகச் சொன்னாள்.

"யூனிஃபாம் பாப்பாவா? சூசேன் அம்மா, பாத்தேன். பஸ் முன்னாடி நின்னு எழுத்தயே பாத்துக்கினு இருந்துச்சு. அப்புறம் ஏறிப் பூடிச்சு."

"எந்த பஸ்சு?"

"தமிழ்நாடு பஸ்சு. ரெண்டு நின்னுச்சு. ரெண்டும் பூடிச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னதை அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். கேட்பதில் அவளை அடிக்க ஆளில்லை. தமிழ் எழுத்து இருந்தால் நம்ம இடம். தமிழ் எழுத்து பஸ்ஸில் இருந்தது, அப்படியானால் அது நம்ம பஸ். உண்மையில் எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுகிற ஆந்திரா பஸ்ஸில் தமிழில் ஓர் எழுத்துகூட இருக்காது. அதெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் யோசிக்கிற விஷயம். இந்த மொத்தக் கூட்டத்திலும் படிக்கத் தெரியாத ஒருத்தியிடம் போய் போர்டைப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அட பாவி மகளே, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தமிழ்நாட்டு பஸ்களுக்கு நேரம் குறிக்கிற டைம் கீப்பர் ஒரு கூண்டு மாதிரி அறையில் இருந்தார். நான் பேசியது அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"உக்காருங்க டீச்சரம்மா. காஞ்சிபுரம் ஒண்ணு போயிருக்கு, வேலூர் ஒண்ணு போயிருக்கு. கண்டக்டருங்கள கேப்போம்."

காஞ்சிபுரம் பஸ் புத்தூர், நகரி வழியாகத்தான் போகும். ஏழுமலையானே, அதில் ஏறியிருக்கட்டும் என்று வேண்டினேன். அந்தக் கண்டக்டர் போனை எடுத்து, பஸ் முழுக்கப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றார்.

வேலூர் கண்டக்டர் எடுக்கவே இல்லை. அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அந்த பஸ் சித்தூர் போய், எல்லையில் இருக்கிற குடிபாலா தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். வேலூர் பஸ் ஸ்டாண்டில் எங்கே திரும்பினாலும் தமிழ் போர்டு. அத்தனையும் அவளுக்கு நம்ம இடம். அதற்கு மேல் நினைக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். தறி ஓடினால் அவருக்குப் போன் சத்தம் கேட்காது. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கும் பயந்தேன்.

கடைசியில் கண்டக்டரே திருப்பி அழைத்தார். மொட்டையடித்த ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டு இருக்கிறாளாம். அந்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிட்டாராம். சித்தூரில் இறக்கி, அங்கே டைம் கீப்பரிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

மற்ற பிள்ளைகளைத் தெலுங்கு சார் ஊருக்குக் கூட்டிப் போனார். நான் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை, கம்பியைப் பிடித்தபடியே போனேன். அவளைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் யார் சொன்னதையும் நம்புவதாக இல்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஸ்டூலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் ஓங்கி ஓர் அறை விடப் போய், கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பயந்துட்டியாடி?"

"இல்ல டீச்சர். நீதான சொன்ன, தமிழ் போட்டிருந்தா நம்ம இடம்னு. அதான் ஏறிக்கினேன். நீ பின்னாடி ஏறுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

துளிப் பயம் இல்லை அவளுக்கு. அவளுடைய பங்கையும் சேர்த்து நான்தான் பயந்திருந்தேன். கோபமோ என்னவோ, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், புறப்படத் தயாராக நின்ற அடுத்த வேலூர் பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இந்த போர்டுதான அது? படி."

என் வாயைப் பார்த்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் போர்டைப் பார்த்தாள்.

"வே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "லூ." அப்புறம், "ர்."

நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து, வாய்க்குள்ளேயே. சட்டென்று அவள் முகம் மாறியது.

"வேலூரா?"

"ஆமா."

"நைனாவுக்கு ஆபரேசன் பண்ண ஊரா? அம்மா மாசக்கணக்குல அங்கயே கெடந்தாங்களே, அந்த வேலூரா? இது நம்ம ஊருக்குப் போவாதா டீச்சர்?"

"போவாது."

அவள் உதடு கோணியது. பஸ் கிளம்பிப் போகிற வரைக்கும் அதையே பார்த்தாள். பிறகு என் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் கணீர்க் குரலில், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். வருஷக்கணக்கில் படிக்காதவள் அன்றைக்குத்தான் ஒரு வார்த்தை படித்தாள். படித்த உடனே பயந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷப்படுவதா, அவளோடு சேர்ந்து அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

புத்தூர் பஸ் வந்தது; அங்கே இறங்கினால் எங்கள் ஊருக்கு வேறு பஸ் உண்டு. ஆந்திரா பஸ், தெலுங்கு போர்டு. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்தினார். நான் ஏறிவிட்டேன். அவள் கீழேயே நின்றாள்.

"ஏறுடி, கிளம்பிடுவான்."

"இதுல இன்னா போட்டுக்குது?"

"புத்தூர் புத்தூர்னு கத்தறாரே, காதுல விழல?"

"கத்தறது கேக்குது டீச்சர்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுதியிருக்கறது இன்னான்னு படிச்சிச் சொல்லு. அப்பத்தான் ஏறுவேன்."

கண்டக்டர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். நான் இறங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸின் முன்பக்கம் போய், ஒவ்வோர் எழுத்தாக விரல் காட்டிப் படித்துச் சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் படித்தேன். அதற்குப் பிறகுதான் ஏறினாள்.