எட்டியப்பன் சித்தப்பா குடித்திருக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பழவேற்காட்டில் பள்ளித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். டீச்சர் என் பேனாவை மெதுவாக வாங்கி மூடி வைத்தார். "உங்க நைனா வெளிய நிக்கிறாரும்மா" என்றார். எட்டியப்பன் சித்தப்பா ஏரியில் இறந்துபோனார் என்று நைனா சொன்னார். எங்கள் ஊரான பசியாவரம் போய்ச் சேர்வதற்குள், "குடிச்சிட்டு தண்ணில வுழுந்துட்டானாம்" என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் குடித்திருக்கவில்லை.

ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று வகுக்கும் பாடு முறையில், நான்கு வருடங்களுக்கு முன் வந்த தகராறு உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு தரப்பும் படகிலேயே அடித்துக்கொண்டன. விலக்கப் போன சித்தப்பாவின் நெற்றியில் துடுப்பு இறங்கியது. எலும்பு உள்ளே போயிற்று. கரைக்குத் தூக்கி வந்தபோது கண் எது, வாய் எது என்று தெரியாமல் ரத்தம். பிழைத்தார். ஆனால் வலிப்பும் கோபமும் அவரோடு தங்கிவிட்டன.

ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்ட வியாபாரியின் கையை ஐஸ் பெட்டி மூடியால் நசுக்கினார். இரண்டு விரல்கள் முறிந்தன. கொதிக்கும் குழம்புச் சட்டியைச் சின்னம்மாவின் தோளில் வீசினார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்ன என்னை அடித்தார். புருவத்தில் நான்கு தையல். ஒவ்வொரு முறையும் பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். "வர்றதே தெரியலமே" என்பார். இன்னொரு தடவை கை நீட்டினால் பாடு முறையிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் நூலகத்தில் தேடிப் படித்ததை அவரிடம் சொன்னேன். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் கோபம் வரப்போவதை முன்கூட்டியே அறிகிறது, வந்தால் அடக்கியும் வைக்கிறது என்றேன்.

"அப்போ எனுக்கு ஆரனும் இல்ல, பிரேக்கும் இல்ல. இஞ்சின் மட்டும் ஓடுது. அப்டித்தான?"

"ஆமா சித்தப்பா."

"சரி, நீ ஆரன் அடி."

கோபம் வருமுன் அவருடைய இடது கை லுங்கி ஓரத்தைக் கசக்கும். அதைக் கண்டதும் நானோ சின்னம்மாவோ "தண்ணி" என்போம். உடனே போய் ஏரியில் மார்பளவு நீரில் நிற்பார். வலிப்பு உள்ளவர் தனியாக இறங்கக்கூடாது என்பதால் நாங்கள் கரையில் காவல் இருப்போம். "தண்ணிக்குள்ள கைய ஓங்கினாக்கூட மெதுவாத்தான் போவும்" என்பார்.

படகில் போகிறவர்கள் கேலி செய்வார்கள். "இன்னா மாமா, எறா மாட்டிச்சா?"

"இல்லடா, நான்தான் மாட்டிக்கினேன்."

ஒன்றரை வருடம் அவர் யாரையும் அடிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தேர்வில் இருந்தேன். சின்னம்மா மீன் விற்கப் பொன்னேரிக்குப் போயிருந்தார். கரையில் பாடு முறையைப் படித்துக்கொண்டிருந்தபோது தேசப்பன் அண்ணன், "பள்ளம் வுழுந்த மண்டைக்கு இன்னாத்துக்குப் பாடு?" என்றார். சித்தப்பா துடுப்பைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டார். கூட்டம் சிதறியது. தேசப்பன் அண்ணனால் நகரக்கூட முடியவில்லை.

துடுப்பு இறங்கவில்லை. சித்தப்பா அதை மணலில் வைத்துவிட்டு ஏரிக்குள் நடந்தார்.

"பயந்து ஓடறான்னு பின்னாலயே கத்தினேன். எல்லாரும் சிரிச்சோம். கொஞ்ச நேரங்கழிச்சிப் பாத்தா தலையக் காணோம்" என்று தேசப்பன் அண்ணன் என்னிடம் அழுதார். அவருடைய பெயரைப் போடாமல் எழுதுவதாகச் சொன்னேன். "போடு. எம்பேரப் போட்டே எழுது" என்றார். தண்ணீருக்குள் சித்தப்பாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது; கரையில் காவலுக்கு நாங்கள் இல்லை.

உடைந்த இடம் சரியாகியிருக்காது என்றுதான் நான் படித்த புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் அன்று "தண்ணி" என்று சொல்வதற்கு யாருமே இல்லாதபோதும், கோபம் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாடையைத் தூக்கியவர்களில் முன்னால் நடந்தவர் தேசப்பன் அண்ணன். அவர் நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. சித்தப்பாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.