தேனீயோடு நின்ற பாடம்

ஆந்திர எல்லை ஊரான நகரியில் ஒரு தனியார் பள்ளியில் செல்வி அறிவியல் எடுக்கிறார். பதினோரு வருஷமாக இனப்பெருக்கப் பாடத்தைப் பூவில் தொடங்கி, தேனீ மகரந்தத்தைச் சுமந்துபோகும் இடத்தில் நிறுத்திவிடுவார். மீதியை "வீட்ல படிச்சிக்கங்க" என்பார். யாரும் படிக்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆங்கில ஆசிரியர் விஜயராகவன் அவரைக் கேலி செய்வார். குழந்தை எப்படிப் பிறக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்குவதை இங்கிலீஷ்காரர்கள் கூச்சப்பட்டு "பேர்ட்ஸ் அண்ட் பீஸ்" என்பார்களாம், பறவைகளும் தேனீக்களும் என்று. "பையனுக்கு பேர்ட்ஸ் அண்ட் பீஸ் சொல்லியாச்சா?" என்று பெற்றவர்களைக் கேட்பார்களாம்.

"அவங்க பேச்சுக்குத்தான் தேனீங்கறாங்க மேடம். நீங்க நெஜமாவே தேனீயோட முடிச்சிட்டீங்க!"

செல்வியும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்.

இந்த வருஷம் ஒன்பதாவது படிக்கும் பிரித்திகா நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. செல்வி வீட்டுக்கே போய்ப் பார்த்தார். முன்னறையில் அவள் அம்மா வனஜா பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் துன்ன மாட்டேங்கறா டீச்சர். அழுதுக்கினே கெடக்கறா. நீங்களே கேளுங்க!"

அந்தத் தறிச் சத்தத்தில் ரகசியம் பேச வழியில்லை. உள்ளே பாயில் சுருண்டு கிடந்தவளிடம் செல்வி கத்தித்தான் கேட்டார். அவளும் கத்தித்தான் சொன்னாள்.

"ரெண்டு மாசமா தூரம் ஆவல மிஸ்! திருப்பதி குவிஸ்ல ஜெயிச்சப்போ நம்ம கிளாஸ் ரமணா கை குடுத்தான், நானும் குடுத்துட்டேன். ஆம்பள கை பட்டாலே வயித்துல புள்ள வந்துடும்னு சடங்கப்பவே அம்மா சொல்லிச்சி. நைனாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்!"

செல்விக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் கண்களைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். வகுப்பில் முதல் மாணவி. மகரந்தச் சேர்க்கை கேள்விக்கு முழு மார்க் போட்டதும் செல்விதான்.

"கை குடுத்தா புள்ள வராதுடி!" என்று அவர் கத்தவும், நூல் அறுந்து தறி நிற்கவும் சரியாக இருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிரித்திகா எழுந்து உட்கார்ந்தாள்.

"முன்னாடியே தெரியுமா மிஸ்?"

"தெரியும். வயசுக்கு வந்த புதுசுல ரெண்டு மாசம் தள்ளிப்போறது சகஜம். அதுவும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

வனஜா நிலைப்படியில் வந்து நின்றார்.

"நான் பயமுறுத்தி வெச்சேன். நீங்க படிச்சவங்களாச்சே டீச்சர்."

"மன்னிச்சிக்கோடி" என்று செல்வி பிரித்திகாவிடம் சொன்னார். பிறகு பாயிலேயே உட்கார்ந்து, பெண்ணின் உடம்பில் கரு எப்படி உண்டாகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வனஜா தறிக்குத் திரும்பாமல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.