அறிவிப்பாளருக்குக் காய்ச்சல்

தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோவில் இருந்த ஒரு தமிழ் வானொலியில், ஞாயிறு காலைகளில் நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பது என் வேலை. கர்நாடக இசை நிகழ்ச்சியை நடத்தியவர் ஒல்லியான மனிதர். கிழமை முழுக்க ஃபாக்டரியில் நின்று களைத்தவர், வானொலிக்கு மட்டும் டை கட்டிக்கொண்டு வருவார். யார் பார்க்கப்போகிறார்கள்? ராகம், தாளம், பாடுபவர் பெயர் சொல்வார். பிறகு இரண்டு மூச்சு நேரம் மௌனம். அதன்பின்தான் பாட்டு.

அந்த மௌனத்தில் சனம் வேறு வானொலிக்குப் போய்விடும் என்றது நிர்வாகம். ஒரு ஞாயிறு, புதிய பாணியில் எழுதிய அறிவிப்புத் தாளை என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் மறுக்கவில்லை. மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில் அப்படியே வாசித்தார்:

"ஹாய் நேயர்களே! அடுத்து ஒரு சூப்பர் கல்யாணி. ஜாலியா என்ஜோய் பண்ணுங்கோ!"

பாட்டு தொடங்கியதும் தொலைபேசி அடித்தது. வழமையாகக் கேட்கும் ஒரு அன்ரி.

"தம்பி, ஐயாவுக்கு ஏதும் சுகமில்லையோ?"

ரிசீவரைப் பொத்திக்கொண்டு அவரிடம் கேட்டேன். "அண்ணை, உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு ஒரு அன்ரி கேக்கிறா. என்ன சொல்ல?"

அவர் டையைத் தளர்த்தினார்.

"ஓம் எண்டு சொல்லும் தம்பி. காய்ச்சல் எண்டு சொல்லும்."

சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அந்த அன்ரி பஸ் ஏறி வந்து, ஃபிளாஸ்க் நிறையக் கொத்தமல்லி அவித்த தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அறிவிப்பாளர் முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்தார். தாளை எடுத்து, "ஹாய் நேயர்களே" என்றார்.

அன்றும் டை கட்டியிருந்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.