மூதூர் லாஞ்சி ஊதின வாய்

பலகுரல் எண்டது வாயை வாடகைக்கு விடுகிற தொழில். வீட்டுக்காரன் மட்டும் எப்பவும் வெளியில நிக்க வேணும். உங்களில கூத்தில கோமாளி வேசம் போடுறவை, கலியாணவீட்டில பகிடி விடக் கூப்பிடப்படுறவை ஆரும் இருந்தா என்ர பாடு விளங்கும். வீட்டில என்ன நடந்தாலும், மைக்கைத் தந்தா சிரிப்பைக் குடுக்கத்தான் வேணும்.

ஆறிப்போன தேத்தண்ணி

பகலில நான் துறைமுகக் கந்தோரில கிளாக்கர், பின்னேரத்தில பலகுரல். கோழி, காகம், ஏத்தத்தில மூச்சு வாங்கிற பழைய பஸ், எங்கட கந்தோர்ப் பெரியவர், எல்லாம் வாய்க்குள்ள இருக்கு. ஆனா ஊரில என்ர பேரைப் பரப்பினது மூதூர் லாஞ்சிதான். சனத்தை ஏத்திக்கொண்டு குடாவைத் தாண்டிப் போற அந்த மோட்டர்ப் படகு வெளிக்கிட முதல் ஒருக்கா ஊதும். முதல்ல தொண்டை செருமிற மாதிரி ஒரு கரகரப்பு. பிறகு நீளமா ஒரு முழக்கம். கடைசியில களைச்சுப்போன மாதிரி ஒரு இழுவை. அந்தக் கடைசி இழுவையிலதான் என்ர கெட்டித்தனம் கிடக்கு.

ஒருநாள் இறங்குதுறைக்கு முன்னால இருக்கிற தேத்தண்ணிக் கடையில இருந்து சும்மா ஒருக்கா ஊதினன். வாங்குப் பலகையில நிறைய மூதூர்ச் சனம் இருந்துது. தேத்தண்ணியை அப்பிடியே வச்சிட்டு, மூட்டை முடிச்சு, கோழிக்கூடு, பிள்ளைகுட்டியோட துறைக்கு ஓடிச்சுதுகள். அங்க லாஞ்சிக்காரர் கயித்துச் சுருளில தலையை வச்சு நல்ல நித்திரை. சனம் திரும்பி வந்து என்னைத் தேட, கடை முதலாளி என்னைக் குசினிக்குள்ள ஒளிச்சு வச்சிட்டுச் சொன்னார்: “தம்பி, இனி என்ர கடைக்கு வந்தா வாயில வடையோடதான் இருக்க வேணும்.”

பிந்திச் சிரிக்கிற ஆள்

எங்களுக்கு ஒரே பிள்ளை, வதனி. நடக்கமாட்டாள், கதைக்கமாட்டாள், கழுத்தும் நேரா நிக்காது. டொக்டர்மார் அதுக்கு ஒரு பேர் சொன்னவை. ஊரில எல்லாற்ற குரலும் வாற என்ர வாயில அந்தப் பேர் மட்டும் இண்டைவரைக்கும் வரேல்லை. சாப்பாட்டு நேரம்தான் பெரிய பாடு. வாயை இறுக்கி மூடினாள் எண்டா அவ்வளவுதான். இப்பிடிப் பிள்ளைக்குச் சோறு தீத்தின ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நானும் மனிசி பாக்கியமும் ஒரு வழி கண்டுபிடிச்சம். அவ கரண்டியைத் தூக்கிப் பிடிப்பா, நான் லாஞ்சி ஊதுவன். வதனி உடன சிரிக்கமாட்டாள். ஊதி முடிஞ்சு, சத்தம் அடங்கி, வேற ஆக்கள் எண்டா எழும்பிப் போயிருப்பினம், அவ்வளவு நேரம் கழிச்சு வயித்துக்குள்ள இருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி வரும். வாய் திறக்கும். கரண்டி உள்ள போகும். மேடையில எந்த இடத்தில எவ்வளவு நேரம் பொறுக்க வேணும் எண்டு எனக்குப் படிப்பிச்சது அவள்தான். பின்னேரத்தில உண்மையான லாஞ்சி ஊதினாலும் கடல் பக்கம் பாக்கமாட்டாள். என்ர முகத்தைத்தான் பாப்பாள். பாக்கியம் சொல்லிச் சிரிப்பா: “துறையில ஊதுறதும் அப்பாதானாம். பாவம் அந்த லாஞ்சி, கத்துறது அது, பேர் உங்களுக்கு.”

பழுதான லாஞ்சி

ஒரு மாரியில வதனிக்குக் காய்ச்சல் வந்துது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போனம். திரும்பி வரேக்க பாக்கியத்தின்ர கையில போர்வை மட்டும் இருந்துது. அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஏலாது, நீங்களும் கேக்கமாட்டியள்.

துடக்கு, தீட்டெல்லாம் கழிஞ்சு முதல் போன இடம் சாம்பல்தீவில ஒரு கலியாணவீடு. முதலே ஒத்துக்கொண்டது. ஸ்பீக்கர் செற் வாடகைக்கு விடுற கிண்ணியா லத்தீப் நானாதான் எப்பவும் எனக்குக் கூட்டு. “ஏலாட்டிச் சொல்லுங்க தம்பி, நான் பாட்டுப் போட்டுச் சமாளிக்கிறன்” எண்டார். நான் கேக்கேல்லை. கோழி வந்துது, காகம் வந்துது, பஸ்ஸும் ஏத்தத்தில ஏறிச்சுது. பிறகு சனம் “லாஞ்சி! லாஞ்சி!” எண்டு கத்தத் துவங்கிச்சுது. வாயைத் திறந்தன். கரகரப்பு வந்துது. முழக்கம் வரேல்லை. வெறும் காத்து. திரும்பவும் திறந்தன், திரும்பவும் காத்து.

நான் பழுதான லாஞ்சி செய்து காட்டுறன் எண்டு சனம் நினைச்சிட்டுது. பந்தல் அதிரச் சிரிப்பு. என்ர சீவியத்தில அவ்வளவு பெரிய சிரிப்பு நான் வாங்கினதில்லை. லத்தீப் நானா மட்டும் சிரிக்கேல்லை. செற்றை நிப்பாட்டிப்போட்டு, பெற்றறி இறங்கிட்டுதெண்டு எல்லாருக்கும் பொய் சொன்னார். வெளிக்கிடேக்க கலியாணப் பொம்பிளையின்ர தகப்பன் என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: “அண்ணை, அந்தப் பழுதான லாஞ்சிதான் திறம். இனி மற்றதை விட்டிட்டு அதையே செய்யுங்கோ.”

ஐயருக்கு வேலையில்லை

அதுக்குப் பிறகு நான் லாஞ்சி ஊதேல்லை. ஆராவது கேட்டா தொண்டை கட்டிப்போச்சு எண்டுவன். வருசம் திரும்பி வர, பாக்கியம் கோயிலுக்குப் போய் வதனிக்குத் திவசம் செய்ய வேணும் எண்டு ஐயரிட்டக் கேட்டா. சின்னப் பிள்ளையளுக்குத் திவசம் இல்லை எண்டார் அவர். நல்ல மனிசன், ஆறுதலாத்தான் சொன்னார்: “அது குழந்தை அம்மா. அதுக்குக் கழுவுறதுக்கு ஒரு பாவமும் இல்லை. நாங்கள் செய்ய ஒண்டுமில்லை.” ஒண்டுமில்லை எண்ட சொல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் எப்பிடி வீட்டை வாறது, சொல்லுங்கோ?

வீட்டை வந்தவ நேரா குசினிக்குள்ள போய், வதனிக்குச் சோறு குழைக்கிற சட்டியை எடுத்துக் கழுவினா. உப்புவெளிப் பக்கம் கன்னியாஸ்திரிமார் நடத்துற ஒரு இல்லம் இருக்கு. வதனியைப் போலப் பிள்ளையள், காது கேளாத பிள்ளையள், எல்லாரும் அங்க. அவளின்ர நாளில அந்தப் பிள்ளையளுக்கு அவள் சாப்பிட்ட அதே சோறு, பூசணிக்காயும் பாலும் விட்டுக் குழைச்சது, தன்ர கையால தீத்தப் போறன் எண்டா. நானும் வந்து சிரிக்க வைக்க வேணுமாம். “ஓம், கோழியும் காகமும் செய்யிறன்” எண்டன். பாக்கியம் சட்டியைக் கவிட்டு வச்சிட்டு என்னைத் திரும்பிப் பாத்தா: “கோழியும் காகமும் ஊருக்கு. லாஞ்சி அவளின்ர. நான் சோறு குடுக்கிறன், நீங்கள் அதைக் குடுங்கோ.”

முன்வரிசை

வதனியின்ர நாள் அண்டைக்கு லத்தீப் நானா வாடகை வேண்டாம் எண்டிட்டு, தன்னட்ட இருந்ததில பெரிய செற்றைக் கொண்டு வந்தார். பிள்ளையள் முன்வரிசைக் கதிரையளில ஆடாமல் அசையாமல் இருந்துதுகள். இப்பிடி ஒழுங்கான சபையை நான் கண்டதேயில்லை. கோழி கூவினன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. காகம் கரைஞ்சன். ம்ஹூம். எங்களைப் போல ஆக்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேற என்ன? நானாவைப் பாத்துச் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கை காட்டினன். கூட்டினார். பஸ்ஸை விட்டன். வெளியில மரத்தில இருந்த உண்மையான காகங்கள் எல்லாம் பறந்து போச்சுதுகள்.

அப்பதான் சிஸ்டர் மெல்ல வந்து என்ர காதுக்குள்ள, “ஐயா, முன்னுக்கு இருக்கிற பிள்ளையளுக்குக் காது கேளாது. கேக்கிற பிள்ளையள் பின்னுக்குப் பாயில படுத்திருக்குதுகள்” எண்டா. பின்னுக்குப் பாத்தன். பாக்கியம் அந்தப் பாயில இருந்து லாஞ்சிக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறா. லாஞ்சியை ஊதாமலே மைக்கைக் கீழ வச்சிட்டன். லத்தீப் நானா வயரைச் சுத்திக்கொண்டு, தன்ர தலையில தானே ஒரு தட்டுத் தட்டினார்: “அல்லாவே, காது கேளாத புள்ளைக்கு முன்னால ரெண்டு ஸ்பீக்கர், அதுவும் காணாதெண்டு கூட்டிக்கூட்டி வச்சனே தம்பி!”

சட்டியில மிச்சம்

சாப்பாடு துவங்கிச்சுது. பாக்கியத்தின்ர மடியில அன்ரன் எண்டொரு பெடியன், மூக்கு ஒழுகிக்கொண்டு. வதனியின்ர சாயல் ஒரு துளியும் இல்லை. ஆனா வாய் மட்டும் அதே இறுக்கம். காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லையாம். பாக்கியம் கதைச்சுப் பாத்தா, தாடையைத் தடவிப் பாத்தா. பிறகு கரண்டியைத் தூக்கி அந்தரத்தில பிடிச்சா. அந்த உயரம் எனக்குத் தெரியும். பெடியனைப் பாக்காமல் என்னைப் பாத்தா. கரண்டி இறங்கேல்லை.

நான் யோசிக்கேல்லை. யோசிச்சிருந்தா திரும்பவும் காத்துத்தான் வந்திருக்கும். மைக் இல்லாமல், பாயில முழங்கால் குத்தி இருந்து ஊதினன். கரகரப்பு வந்துது. முழக்கம் வந்துது. கடைசி இழுவையும் வந்துது. முன்வரிசையில இருந்த ஒரு பிள்ளை எழும்பி வந்து என்ர ஊதின கன்னத்தை விரலால குத்திப் பாத்தாள். ஊதி முடிச்சிட்டு, பழக்கத்தில நான் பொறுத்துக்கொண்டு இருந்தன். பாக்கியமும் பொறுத்துக்கொண்டு இருந்தா. அந்த இடைவெளியில சிரிப்பு வர வேணும். வரேல்லை.

அன்ரனுக்குக் கீழ்ச் சொண்டு பிதுங்கிச்சுது. பயந்து போனான், அழுறதுக்கு வாயைப் பெரிசாத் திறந்தான். பாக்கியம் விடுவாவோ? கரண்டி உள்ள. இனிப்பு நாக்கில பட்டதும் அழ மறந்து விழுங்கினான். பாக்கியம் சீலைத் தலைப்பால அவன்ர வாயைத் துடைச்சா, அதே தலைப்பால தன்ர கண்ணையும் துடைச்சா, திரும்பவும் கரண்டியைத் தூக்கினா: “இன்னொருக்கா ஊதுங்கோ, சட்டியில இன்னும் கிடக்கு.”

அண்டையில இருந்து வருசா வருசம் அதே நாளில நான் ஊதுறன், அவ தீத்திறா. சிரிக்க வேண்டிய ஆள்தான், எப்பவும் போல, கொஞ்சம் பிந்துறாள்.