ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோன கருந்துளை

அன்று வைதேகியிடம் நான் சொல்லாதது ஒன்றுதான். நாங்கள் இருவரும் இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த கருந்துளைக் கணக்கை வெளிநாட்டில் யாரோ முடித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையின் பதினான்கு பக்க நகல் கப்பல் தபாலில் மூன்று மாதம் மிதந்து, முந்தைய நாள்தான் என் கைக்கு வந்திருந்தது. என்னோடு ஆராய்ச்சி செய்துவந்த வைதேகி பிரசவ விடுப்பில் ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். அதைக் காட்டத்தான் கிளம்பினேன். 1983 ஏப்ரல், சனிக்கிழமை.

புத்தூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் மூன்று கிலோமீட்டர். அங்கே 7.40க்கு ஒன்றாம் நம்பர் பஸ், டிக்கெட் அறுபது காசு. இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். காலை வெயில் படாது, பாலத்தில் காவிரியும் தெரியும். ஏப்ரலில் பெரும்பாலும் மணல்தான். நான் பையைக் கட்டிப்பிடித்திருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"உள்ள முட்டையாம்மா?"

"காகிதங்க."

"அதுக்கா இந்தப் பிடி!"

8.20க்கு வடக்குச் சித்திரை வீதி. கதவைத் திறந்தது வைதேகியின் மாமியார்.

"வாம்மா ஸ்டெல்லா. அந்தத் துளைய இன்னும் அடைக்கலையாடி நீங்க ரெண்டு பேரும்?"

"அடைச்சுட்டா எங்களுக்கு வேலை போயிடும் மாமி."

உள்ளே வைதேகி, மடியில் குழந்தையோடு, மீந்துபோன தன் கல்யாணப் பத்திரிகைகளைத் தரையில் பரப்பியிருந்தாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் கணக்கு.

எங்கள் கருந்துளையில் நிறையும் மின்னூட்டமும் சரிசமம். மற்றவை வெப்பம் விட்டுத் தேயும். இதன் வெப்பநிலை பூஜ்யம், தேயாது. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் சேர்த்துப் பார்க்க இதுவே நல்ல இடம் என்று நம்பினோம். சூப்பர்சிமெட்ரி என்னும் சமச்சீர் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதே கேள்வி.

"பாதி மிஞ்சறதுடி!" என்றாள். "நேத்திக்குத்தான் முடிச்சேன். இது தேறினா ஜூன்ல திரும்பிப் போறேன், தேறலைன்னா ஆராய்ச்சியவே விட்டுடறேன்னு ஆத்துல சொல்லிட்டேன்."

பையிலிருந்த பக்கங்களிலும் விடை பாதிதான். அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் இட்லித் தட்டு வந்துவிட்டது. 11.15 பஸ்ஸில் பதினான்கு பக்கத்தோடும் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: கோயிலைப் பார்ப்பதென்றால் மதியம் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். கெட்ட செய்தி கொண்டுபோனால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இட்லிக்குப் பிறகு வாய் வராது. அந்த வெற்று மணலைப் பார்த்துக்கொண்டே பாலம் கடந்தபோது, அவளுக்கு இன்னும் ஒரு ஞாயிறு கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

திங்கட்கிழமை நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வியாழக்கிழமை அவளிடமிருந்து கார்டு வந்தது: "சரிபார்க்க ஆளே இல்லையேன்னு பயந்துண்டிருந்தேன். ரெண்டு விடையும் ஒண்ணு. அப்போ நாம போட்டது சரிடி."

ஜூனில் வைதேகி ஆராய்ச்சிக்குத் திரும்பினாள்.