கத்தும் அறையில் மன்னிப்புத் திலகம்

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவருக்கு ஆபீசில் வைத்த பெயர் மன்னிப்புத் திலகம். பாவம், மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்று சொல்லியே வயிறு வளர்த்தார். யார் வீட்டுச் சட்டையோ சாயம் போனதற்கு இவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்டார். அப்படியே பழகிவிட்டது.

வீட்டிலும் அதே கூத்துதான். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்பு. மனைவி சண்டைக்கு வந்தால், "உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டேன் மேடம்" என்பார். கட்டிய பெண்டாட்டி மேடமா! அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"சுவரோட குடும்பம் நடத்த என்னால முடியாதுங்க. நாளைக்குச் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அவளைத் தடுக்கத்தான் எழுந்து ஓடினார். வாயில் வந்ததோ, "உங்கள் கருத்துக்கு நன்றி."

மறுநாள் ஆபீசில் புது ஏற்பாடு. ஊழியர்களின் மன அழுத்தம் குறைய வேண்டுமென்று, பழைய ஸ்டோர் ரூமின் சுவரெல்லாம் மெத்தை அடித்து, கத்தும் அறை ஒன்றைத் திறந்திருந்தார் மேனேஜர். எல்லாரும் உள்ளே போய்க் கத்தியாக வேண்டும். சரியாகக் கத்தாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பாம். நல்லா குறையும் மன அழுத்தம்!

தன் முறை வந்ததும் நம் ஆள் உள்ளே போய், மெத்தையிடம் "இடைஞ்சலுக்கு மன்னிக்கணும்" என்றார்.

"கத்தாம இன்னிக்கு வெளிய வரக்கூடாது!" என்று மேனேஜர் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

சாயங்காலம், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று மனைவி பெட்டியோடு ஆபீசுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டவள், தானே தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் கிளம்பறேங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா?"

"உங்க புகாரை..." என்று ஆரம்பித்தவர் அவள் பெட்டியைப் பார்த்தார். "போகாதடி. போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது. காலையில அந்தச் சீட்ல போய் உட்காரவே பயமா இருக்கு. முடியலடி." தேம்பித் தேம்பி அழுதார்.

"அட மனுஷா! இதை என்கிட்ட சொன்னா என்ன?" என்றவளுக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "அழறதுக்கு இல்லய்யா இந்த ரூம்! கத்தணும்! அடுத்த ஆள் நிக்கிறாரு!" என்றார் மேனேஜர்.

"இருய்யா! என் பொண்டாட்டிகிட்ட பேசிட்டிருக்கேன்!"

மெத்தையைத் தாண்டிக் குரல் மாடிவரை கேட்டது. வெளியே மேனேஜர், "சபாஷ்யா, கத்தறதுல பாஸாயிட்டே!" என்று கைதட்டினார்.

"அந்தாளு கிடக்கட்டும். நீங்க மேல சொல்லுங்க" என்றாள் அவள், பிடித்த கையை விடாமல்.